ரெட் ஒயினும் கொட்டைப்பாக்கும்

டிஸ்கி: குடிக்காதவங்களைக் குடிக்கச் சொல்ற பதிவு இல்லை இது. தமிழ்நாட்டில் 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விற்கக் கூடாதுங்கிறது சட்டம். அந்த வயசுக்குக் கீழே இருக்கிற தம்பி தங்கச்சிங்க அப்படியே பக்கத்துப் பதிவுக்குப் போயிடுங்க. குடியால வீட்டில் அடிபட்டவங்களுக்கு என்னைத் திட்டணும்னு தோணலாம். நியாயம்தான். கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க.

இனி மேட்டருக்கு வருவோம்.

நம்ம ஊர்ல சாராயக்கடை போய் பிராந்திக்கடை வந்து, அதுவும் போய் ஒரு காலத்தில் "ஒயின் ஷாப்"னு பேர் வந்துச்சு. பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், விஸ்கி இருக்கும், பீர் இருக்கும். ஒயின் கேட்டா மட்டும் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். 2003 நவம்பர்ல சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்த பிறகு போர்டு மாறிடுச்சு. ஆனா தஞ்சாவூர்ப் பக்கம் பெரிசுங்க வாயில இன்னும் "ஒயின்ஷாப்"தான். உலகத்திலேயே ஒயின் இல்லாத கடைக்கு ஒயின் பேர் வச்ச ஒரே ஜனம் நாமளாத்தான் இருக்கணும் :-)

இப்ப நிலைமை கொஞ்சம் தேவலாம். நாசிக், பெங்களூர்ப் பக்கம் தயாராகிற ரெட் ஒயின் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்குது. நாசிக்ல ராஜீவ் சமந்த் ஆரம்பிச்ச சுலா, முதல் ஒயினை 2000ல வெளியிட்டாங்க. அதுக்கு முன்னாடியே கன்வல் குரோவர் நந்தி மலை அடிவாரத்தில் பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளை நட்டுட்டார். நாசிக்ல திராட்சை அறுவடை ஐரோப்பா மாதிரி புரட்டாசி, ஐப்பசியில் கிடையாது. தையில் தொடங்கி பங்குனி வரைக்கும் போகுது. அதாவது இங்கே நாம சம்பா அறுத்துக் களத்தில் போடுற நேரத்தில் அங்கே ஷிராஸ் திராட்சை வெட்டுறாங்க. இது தெரிஞ்சதிலிருந்து எனக்கு அந்த பாட்டில் மேல ஒரு தாயாதிப் பாசம் வந்துடுச்சு.

இந்த விலை மலிவு ஒயின்களை வாங்கி வீட்டில் வச்சு ருசி பார்த்து, எது தேவலாம் எது தேவலைன்னு எழுதுறது ஒரு பொழுதுபோக்கு. நானும் செய்றேன். தமிழ்ல இன்னும் சிலபேர் எழுதுறாங்க. படிக்கிறப்ப எனக்கு ஒரே ஒரு ஆதங்கம். எழுதுறது தமிழ்ல, ஆனா நாக்கு மட்டும் லண்டன்ல இருக்கு.

"பிளாக்கரண்ட் வாசனை, பிளம் சுவை, சீடார் மரம், மெல்லிய புகையிலை" அப்படின்னு ஒரு வரி கட்டாயம் வந்துடும். ஐயா, பிளாக்கரண்ட்டை நாம எங்கே பார்த்தோம்? கும்பகோணம் மார்க்கெட்ல கூறு கட்டியா வச்சிருக்காங்க? பாட்டிலுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற காகிதத்தை மொழிபெயர்த்துப் போடுறதுக்குப் பேர் விமர்சனம் இல்லீங்க. படிக்கிறவனுக்கு அதிலிருந்து ஒண்ணும் தெரியப் போறதில்லை. "இவருக்கு ஏதோ தெரியுது, நமக்குத்தான் நாக்கு மரத்துப்போச்சு"ன்னு ஒரு கூச்சம்தான் மிஞ்சும்.

நான் சொல்ல வர்றது இதுதான்: ரெட் ஒயினை எடை போடுறதுக்கு வேண்டிய நாக்கு டெல்டாக்காரன்கிட்ட ஏற்கெனவே இருக்கு. சொல்லும் இருக்கு. நாமதான் எடுத்துப் பயன்படுத்துறதில்லை.

முதல் சொல், துவர்ப்பு.

ரெட் ஒயினை முதல்தடவை வாயில் வைக்கிறவர் முகம் சுளிச்சுட்டு "கசக்குது"ம்பார், இல்லாட்டி "புளிக்குது"ம்பார். கொஞ்சம் நிதானிச்சுப் பார்த்தா மூணு சமாச்சாரம் தனித்தனியா நடக்கிறது தெரியும். நாக்கோட ரெண்டு ஓரத்திலும் எச்சில் ஊறினா அது புளிப்பு. விழுங்கின பிறகு தொண்டைப் பக்கம் நிக்கிறது கசப்பு. ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் காய்ஞ்சு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிடிக்குது பாருங்க, அதுதான் துவர்ப்பு. வெள்ளை ஒயினிலிருந்து சிவப்பு ஒயினைப் பிரிச்சுக் காட்டுறதும் பெரும்பாலும் அதுதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கிற டானின் நம்ம எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடிச்சுத் திரியவைக்குது. எச்சிலோட வழுவழுப்பு போயிடுது, வாய் சொரசொரன்னு ஆகுது.

மேற்கத்திய விஞ்ஞானப் புத்தகத்தில் சுவை அஞ்சு: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி. துவர்ப்பு அந்தப் பட்டியல்ல இல்லை. அதை ஒரு தொடு உணர்ச்சியா தனியா வச்சிருக்காங்க. நமக்கோ அது அறுசுவையில் ஒண்ணு. சின்னப் புள்ளையிலிருந்து வாழைப்பூ, நாவல்பழம், கொடுக்காப்புளி, நெல்லிக்காய், மாதுளந்தோல்னு துவர்ப்பைப் படிப்படியா பழகினவங்க நாம. அதுக்கும் மேலே வெத்திலை பாக்கு. கொட்டைப்பாக்கில் இருக்கிற டானினும் திராட்சை விதையில் இருக்கிற டானினும் ஒரே குடும்பம். தஞ்சாவூர் வெத்திலை சீவலுக்குப் பேர் போன ஊர். இங்கே கல்யாணத்துக்குக் கல்யாணம் தாம்பூலம் மென்ன வாய்க்கு, ரெட் ஒயினோட டானினைப் பத்தி வெள்ளைக்காரன் வந்து பாடம் எடுக்கணுமா?

போன மாசி மாசம் எங்க வீட்டில் ஒரு ருசி பார்க்கும் படலம் நடத்தினேன். நாலு பேர், மூணு பாட்டில், எல்லாம் பில்லோட வாங்கினது. ஒண்ணு சுலாவோட ஷிராஸ் கேபர்நே. இன்னொண்ணு குரோவரோட கேபர்நே ஷிராஸ். மூணாவது, போர்ட்னு பேர் போட்டு வர்ற இனிப்பு ஒயின் ஒண்ணு. எந்த பாட்டில் எதுன்னு தெரியக் கூடாதுல்ல? அதுக்கு மஞ்சப்பையை விடப் பொருத்தமான ஆயுதம் உண்டா? ஆளுக்கொரு மஞ்சப்பைக்குள்ள பாட்டிலை இறக்கி, கழுத்தில் சணல் கட்டி, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எழுதி வச்சேன். ஊத்தினது ஆளுக்கு அம்பது மில்லி.

எங்க சித்தப்பா ஒருத்தர். நெல் வியாபாரத்தில் நாப்பது வருஷம். ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடிச்சு "பதினெட்டுக்கு மேல இருக்கு, இன்னும் ஒரு வெயில் காயணும்"னு ஈரப்பதம் சொல்ற ஆள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம்தான் கணக்குங்கிறதால அந்த ஒரு சதவீதம் எவ்வளவு பெரிய விஷயம்னு விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் ரெண்டாம் நம்பரை வாயில் வச்சு நிதானமா சுழட்டிட்டுச் சொன்னார்:

"தம்பி, கொட்டைப்பாக்கை மென்னுட்டு வெத்திலை போடாம விட்டாப்ல இருக்குடா."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. டானின் முன்னாடி நிக்குது, அதை மென்மையாக்கப் பழமோ இனிப்போ போதுமான அளவுக்குக் கூட வரலை. ஒரு ஆங்கில விமர்சகர் மூணு வரியில் சொல்றதை இவர் ஒரே வரியில் சொல்லிட்டார். அந்த ரெண்டாம் நம்பர் குரோவர். எனக்குப் பிடிச்ச பாட்டில்தான் அது. அவர் சொன்னதும் குறை இல்லை, அடையாளம். முதல் நம்பரான சுலாவுக்கு அவர் சொன்னது "நாவப்பழத்துல மிளகுத்தூள் தட்டுனாப்ல". ஷிராஸ் திராட்சையில் மிளகு வாசம் வர்றது உலகம் பூரா ஒத்துக்கிட்ட விஷயம். மிளகில் இருக்கிற ரோட்டண்டோன்கிற அதே மணப்பொருள் அந்தத் திராட்சையிலும் இருக்குன்னு 2008ல ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வெளியிட்டாங்க. சித்தப்பாவுக்கு அந்த ஆராய்ச்சியும் தெரியாது, ஷிராஸும் தெரியாது. மிளகு தெரியும், அவ்வளவுதான்.

நல்லதுக்கு மட்டும் இல்லை, கெட்டதுக்கும் நம்மகிட்ட சொல் இருக்கு. கார்க் கெட்டுப்போன ஒயினை ஆங்கிலத்தில் நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம்பாங்க. டெல்டாக்காரனுக்கு அது ஈரச்சாக்கு வாசம். மழையில் நனைஞ்ச நெல் மூட்டை பக்கத்தில் நின்னவனுக்கு விளக்கம் வேண்டாம். சில ரெட் ஒயின்ல மாட்டுத்தொழுவ வாசம் வரும், அது ஒருவகை ஈஸ்ட் பண்ற வேலை. காத்துப்பட்டுப் புளிச்சுப்போனதுக்கு "காடி"ன்னு பழைய தமிழ்ச் சொல்லே இருக்கு. வெயில்ல வெந்துபோன ஒயினுக்கு ஜாம் காய்ச்சுற வாசம். இப்படி எழுதுங்க, படிக்கிறவனுக்கு உடனே மூக்கில் ஏறும்.

மஞ்சப்பை எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு ரெண்டு சேதி. போர்தோவில் ஒயின் படிப்பு படிக்கிற 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தாங்க. அவங்க அதை ரெட் ஒயினுக்குச் சொல்ற வார்த்தைகளிலேயே வர்ணிச்சாங்க. 2001ல வெளியான ஆய்வு அது. இன்னொண்ணு 2008ல வந்தது. அமெரிக்காவில் விலை, பேர் எதுவும் தெரியாம 6,000 தடவைக்கு மேல ருசி பார்க்க வச்சுப் பதிவு பண்ணினாங்க. ஒயின் படிப்பு, பயிற்சி இல்லாத சாதாரண ஜனங்களுக்கு விலை கூடின ஒயின் கொஞ்சம் கம்மியாத்தான் பிடிச்சிருந்துச்சு. கண்ணும் பர்ஸும் நாக்கை ஏமாத்துதுங்கிறது இதிலிருந்து தெரியுது. அதனால மலிவு ஒயின் விமர்சனம் எழுதுறவர் பாட்டிலை மூடி வச்சு ருசி பார்க்கலைன்னா, அவர் லேபிளுக்குத்தான் மார்க் போடுறார்.

அடுத்த விஷயம் நம்ம வெயில்.

"ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறவும்"னு எல்லா இடத்திலும் எழுதியிருப்பாங்க. எந்த ஊர் அறை? பதினாறு பதினெட்டு டிகிரியில் இருக்கிற ஐரோப்பியக் கல்வீட்டு அறை. சித்திரை மாசம் தஞ்சாவூர்ல மெத்தை வீட்டு மாடி அறை என்ன டிகிரி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். முப்பத்தஞ்சு டிகிரியில் ஒயினை ஊத்தினா ஆல்கஹால் நெடி முதல்ல மூக்கில் குத்தும், பழ வாசம் அமுங்கிடும். அதைக் குடிச்சுட்டு "இந்திய ஒயின் தேறாது"ன்னு எழுதுறது அநியாயம். குடிக்கிறதுக்கு அரை மணி முக்கால் மணி முன்னாடி ஃபிரிட்ஜ்ல வையுங்க, போதும். கரண்ட் இல்லையா? ஈரத்துணியைச் சுத்தி ஜன்னலோரக் காத்தில் வையுங்க. மண்பானைத் தத்துவம்தான்.

வாங்குறப்பவும் வெயிலை நினைச்சுக்கணும். மலிவு ரெட் ஒயின் பல வருஷம் வச்சுக் குடிக்கச் செஞ்சது கிடையாது. "பழசானா நல்லது"ங்கிற நம்பிக்கை இங்கே செல்லாது. லேபிள்ல இருக்கிற வருஷத்தைப் பாருங்க, புதுசா எடுங்க. கார்க் வச்ச பாட்டில்ல கார்க் மேலே தள்ளிக்கிட்டு நின்னா, கழுத்தோரம் கசிஞ்ச கறை இருந்தா, அது எங்கேயோ கொதிச்சு வந்த பாட்டில், வேண்டாம். திருகு மூடி போட்டதைச் சிலபேர் மட்டமா நினைக்கிறாங்க. நம்ம ஊர் வெக்கைக்கும், வீட்டில் கார்க் திருகி இல்லாத நிலைமைக்கும், திருகு மூடி ஒரு வரம்.

கிளாஸ் பத்தி ரொம்பக் கவலைப்படாதீங்க. எவர்சில்வர் டம்ளர் மட்டும் வேண்டாம், நிறம் தெரியாது. மேலே கொஞ்சம் குறுகின கண்ணாடி கிளாஸ் எதுவும் சரி. துவர்ப்பு தூக்கலா இருந்தா காத்துப்பட வைக்கணும்பாங்க, அதுக்குன்னே விலை உயர்ந்த கண்ணாடிக் குடுவை விக்கிறாங்க. டபரா டம்ளர்ல காபி ஆத்துற ஊர்க்காரனுக்கு அது எதுக்குங்க? ரெண்டு கண்ணாடி ஜாடியில் நாலு ஆத்து ஆத்தினா வேலை முடிஞ்சுது.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நம்மாளுங்க ரொம்ப தடுமாறுறாங்க. ரெட் ஒயினுக்கு மாட்டிறைச்சி ஸ்டேக், சீஸ்னு எழுதி வச்சிருக்கிறதை அப்படியே எடுத்துப் போடுறாங்க. டெல்டா வீட்டுச் சாப்பாடு புளியும் காரமும். மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் ஏத்திவிடும். டானினும் கூட சேர்ந்தா வாய் ரணகளம்தான். விரால்மீன் குழம்போட நல்ல துவர்ப்பான கேபர்நேயைக் குடிச்சா ரெண்டுமே கெடும். இதைச் சோதிக்கவே அன்னைக்கு முதல் சுற்றை மீன் குழம்போட வச்சேன். நாலு பேர்ல மூணு பேர் கை தூக்கினது மூணாம் நம்பருக்கு. ஆமாங்க, அந்த இனிப்பு போர்ட். ரெண்டாவது சுற்றுக்கு வறுத்த வேர்க்கடலையும் நெய்யில் வறுத்த முந்திரியும் வச்சேன். அப்ப நாவப்பழ மிளகுதான் ஜெயிச்சுது. அதே நாக்கு, அதே ஒயின், தட்டு மட்டும்தான் மாறுச்சு.

இதிலிருந்து எனக்கு ஒரு கருத்து உறுதியாச்சு. நம்ம ஜனங்களுக்கு இனிப்பு ஒயின் பிடிக்கிறது ரசனைக் குறைவு இல்லை. காரச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இனிப்பும் குளிர்ச்சியும் தேடுறது நாக்கோட நியாயமான புத்தி. "போர்ட்டா? அதெல்லாம் ஒயினா?"ன்னு உதட்டைப் பிதுக்குறவங்க எந்தச் சாப்பாட்டை மனசில் வச்சுப் பேசுறாங்கன்னு ஒரு தடவை யோசிக்கணும்.

"இருந்தாலும் ஒயின் நம்ம கலாச்சாரம் இல்லையே"ன்னு ஒரு குரல் எப்பவும் வரும். புறநானூறு 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் ஜாடியில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பத்தி பாண்டியன் நன்மாறன்கிட்ட பேசுறார். காவிரிப்பூம்பட்டினத்து யவனர் இருப்பிடம் சிலப்பதிகாரத்தில் வருது. 1945ல மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டினப்போ மத்தியதரைக் கடல் ஒயின் ஜாடித் துண்டுகள் கிடைச்சுது. அப்புறம் 1739ல தஞ்சாவூர் மராத்திய அரசர்கிட்டேருந்து காரைக்காலை பிரெஞ்சுக்காரங்க வாங்கினாங்க. 1954 நவம்பர் 1 அன்னைக்கு அது இந்தியா கைக்கு வர்ற வரைக்கும், நம்ம நெல்வயலுக்கு நடுவில் ஒரு பிரெஞ்சு ஊர் இருந்துச்சு. இன்னைக்கும் மலிவு பாட்டிலுக்காக காரைக்கால் பஸ் ஏறுறவங்க உண்டு. புதுச்சேரிச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள்ள கடத்தினா வாஞ்சூர்லயோ நண்டலாறுலயோ மாட்டுவீங்க, அது குற்றம், செய்யாதீங்க. நான் சொல்ல வந்தது, ஒயின் இந்த மண்ணுக்கு வந்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சுங்கிறதுதான். தேறல்னா தெளிஞ்ச கள்ளு. பேர் கூட அப்பவே வச்சுட்டாங்க.

ஆனா பழசுங்கிறதால ஒண்ணு நல்லதாகிடாது. அதனால இப்ப கஷ்டமான கேள்விக்கு வருவோம்.

டாஸ்மாக் வாசல்ல காலை பன்னெண்டு மணிக்கே கூட்டம் நிக்குது. கூலி வாங்கின கையோட கடைக்குப் போய், வீட்டுக்கு வெறுங்கையோட வர்றவங்க எல்லாத் தெருவிலும் இருக்காங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. இப்படிப்பட்ட மாநிலத்தில் உக்காந்துகிட்டு நாவப்பழம், மிளகுன்னு எழுதுறது கொழுப்பு இல்லையா?

இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க விரும்பலை. ஒயின் எழுத்தில் எனக்கு ரொம்ப எரிச்சல் தர்ற விஷயமே இங்கேதான் இருக்கு. "ஒயின் குடிச்சா ரசனை, குவார்ட்டர் அடிச்சா குடிகாரன்"ங்கிற ஒரு எண்ணம் படிச்ச ஜனங்ககிட்ட இருக்கு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, ஆல்கஹால் 42.8 சதவீதம். உள்ளே இருக்கிற சுத்த ஆல்கஹால் 77 மில்லி. ஒரு பாட்டில் ரெட் ஒயின் 750 மில்லி, 13 சதவீதம்னு வச்சுக்குங்க. உள்ளே இருக்கிறது 97 மில்லிக்கும் கொஞ்சம் மேலே. அதாவது ராத்திரி தனியா உக்காந்து ஒரு பாட்டில் ஒயினைக் காலி பண்ற ரசிகர், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் குவார்ட்டர் அடிச்சவரை விட கால் பங்குக்கு மேல அதிகமா குடிச்சிருக்கார். ஈரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாதுங்க. 150 மில்லி ஒயின் ஒரு கிளாஸ்னா, அது கிட்டத்தட்ட 45 மில்லி பிராந்திக்குச் சமம்.

"ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது"ங்கிற கதையையும் விட்டுடுவோம். 1991ல ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சி, கொழுப்பு நிறைய சாப்பிட்டும் பிரெஞ்சுக்காரங்களுக்கு மாரடைப்பு கம்மின்னு சொல்லி, ரெட் ஒயினைக் காரணமா காட்டுச்சு. அங்கே விற்பனை எகிறிடுச்சு. இன்னைக்கும் நம்ம ஊர்ல மாமாக்கள் அதையே சொல்லிக்கிட்டு இருக்காங்க. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாவே சொல்லிடுச்சு, இவ்வளவு குடிச்சா பாதுகாப்புன்னு எந்த அளவும் இல்லைன்னு. மதுபானம் 1988லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பட்டியல்ல முதல் பிரிவுக்குப் போயிடுச்சு. பாக்கு 2004ல அதே பிரிவுக்குப் போச்சு. ஆக, நான் மேலே உவமை சொன்ன ரெண்டு பொருளும் ஒரே பட்டியல்ல இருக்கு. மருந்துன்னு சொல்லி யாரும் ஒயினைக் குடிக்க வேண்டாம், ருசிக்காகன்னா ருசிக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு.

ருசிக்கு எவ்வளவு வேணும்? நிஜமாவே ரொம்பக் கொஞ்சம். தொழில்முறையா ருசி பார்க்கிறவங்க வாயில் சுழட்டிட்டு விழுங்காம துப்பிடுவாங்க. இதைச் சொன்னா "காசு குடுத்து வாங்கினதை யாராச்சும் துப்புவாங்களா?"ன்னு சிரிக்கிறாங்க. வெத்திலை போட்டுத் துப்புறதுக்குன்னே பித்தளையில் படிக்கம் செஞ்சு, அதுக்கு வேலைப்பாடும் பண்ணி, நடுக்கூடத்தில் வச்ச ஊர் இது. துப்புறது நமக்கா கேவலம்? அன்னைக்கு எங்க வீட்டில் படிக்கம் இருந்துச்சு. மூணு ஒயினையும் ருசி பார்த்து, பாதிக்கு மேல துப்பி, மீதியைத் திருகி மூடி ஃபிரிட்ஜ்ல வச்சோம். மூணு நாலு நாள் தாங்கும். யாரும் உளறலை, யாரும் வண்டியை எடுக்கலை. சித்தி கடைசி வரைக்கும் கூடவே உக்காந்து, குடிக்காமலே வாசம் மட்டும் பிடிச்சு, ரெண்டாம் நம்பர் "மாதுளந்தோல் காய வச்ச வாசம்"னு ஒரு நல்ல குறிப்பு கொடுத்தாங்க. குடிக்கு பயந்து கதவைச் சாத்திக்கிற வீடுகளே நிறைய இருக்கிற ஊர்ல, பொம்பளைங்க பயமில்லாம பக்கத்தில் உக்காந்து பேசுற மாதிரி ஒரு பாட்டில் திறக்கப்படுறது சின்ன விஷயம்னு எனக்குத் தோணலை.

அதனால மது வேண்டாம்னு இருக்கிறவங்க நல்லா இருங்க, உங்களை மாத்த நான் வரலை. வீட்டில் ஒருத்தர் குடியை விட முடியாம தவிக்கிறார்னா அங்கே ஒயின் பாட்டிலும் வேண்டாம், ரசனையும் வேண்டாம். ஆனா எப்படியும் வாங்கி, எப்படியும் எழுதப் போறவங்களுக்கு என் வேண்டுகோள் அஞ்சு:

1. பாட்டிலை மஞ்சப்பைக்குள்ள போட்டு ருசி பாருங்க. விலையைக் கடைசியா எழுதுங்க.

2. எந்த மாசம், ஃபிரிட்ஜ்ல எவ்வளவு நேரம் வச்சீங்கன்னு எழுதுங்க. மார்கழி ஒயினும் சித்திரை ஒயினும் ஒண்ணு இல்லை.

3. கூட என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதுங்க. கருவாட்டுக் குழம்புன்னா கருவாட்டுக் குழம்புன்னே எழுதுங்க, வெக்கம் வேண்டாம்.

4. ஆல்கஹால் சதவீதமும், எத்தனை பேர் எத்தனை நாள்ல முடிச்சீங்கங்கிறதும் கட்டாயம் வரணும்.

5. நீங்க தின்னு பார்க்காத பழத்தோட பேரை எழுதாதீங்க.

அஞ்சாவது ஒண்ணை மட்டும் கடைபிடிச்சாலே பாதி விமர்சனம் சுருங்கிடும். மீதி இருக்கிறது நாலு பேருக்குப் பயன்படும். சேப்பங்கிழங்கு வறுவலுக்கு எது ஒத்துப்போகுது, கோழி சுக்காவுக்கு எது ஒத்துப்போகலைன்னு உங்க நாக்கு சொன்னதை எழுதுங்க, நான் படிக்கக் காத்துக்கிட்டு இருக்கேன். பரண்ல பழைய படிக்கம் கிடந்தா இறக்கிப் புளி போட்டுத் தேச்சு வையுங்க. இல்லாட்டி ஒரு சொம்பு போதும்.